தனியே காட்டுக்குப் போகிறவரும் துணைக்கோளமும்: ஒரு வரலாறு



சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் எங்கள் சாரணர் மாணவர்களை அழைத்துக்கொண்டு உலு லங்காட் பக்கம் இருக்கும் குனோங் நுவாங் மலைக்குப் போயிருந்தோம். உச்சி வரை ஏறும் திட்டம் இல்லை. பாதி வழியில் ஆற்றோரம் இருக்கும் முகாம் வரைதான். திரும்பி வரும்போது படிவம் நான்கு மாணவன் ஒருவன் காலணிக் கயிறு கட்ட நின்றவன், கூட்டத்தைத் தவறவிட்டு விட்டான். வரிசையின் கடைசியில் நடக்க வேண்டியவள் நான். பேச்சு சுவாரசியத்தில் முன்னால் போய்விட்டேன். தலை எண்ணியபோதுதான் ஒருவன் குறைகிறான் என்று தெரிந்தது. கைப்பேசியில் லைன் இல்லை. அவனிடம் இருந்த கைப்பேசியிலும் இல்லை. வழிகாட்டி திரும்பி ஓடினார். நாற்பது நிமிடம் கழித்து அவனோடு வந்து சேர்ந்தார். கிளைப்பாதை ஒன்றில் கொஞ்ச தூரம் போய், சந்தேகம் வந்ததும் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டானாம். அந்த நாற்பது நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வேனில் வரும்போது அவன் கேட்டான்: "டீச்சர், மேலே இவ்ளோ துணைக்கோளம் சுத்துதே, அதுல ஒண்ணுகூட என்னைப் பாத்திருக்காதா?"

"பாக்காதுடா" என்று சொல்லிவிட்டேன். ஏன் பார்க்காது என்று அவன் கேட்டதற்கு அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அறிவியல் தொழில்நுட்பம் பற்றிய கட்டுரைகளுக்கும், பனிப்போர்க்கால வரலாற்றுக்கும் பயன்படும் என்பதால் படித்ததை இங்கே பகிர்கிறேன்.

துணைக்கோளம் என்றதும் மேலிருந்து பார்க்கும் ஒரு கண்ணைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். சினிமாவும் அப்படித்தான் காட்டுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் செயற்கைக்கோள் என்று வருவதும் இதுதான். படம் எடுக்கும் துணைக்கோளங்கள் உண்டு, ஆனால் தேடல் மீட்பு வேலைக்கு உதவும் துணைக்கோளத்துக்கு இருப்பது காது மட்டும்தான். கீழேயிருந்து ஒரு கருவி கூப்பிட்டால் அதற்குக் கேட்கும். கூப்பிடாதவர் அதைப் பொறுத்தவரை அங்கே இல்லை. நம் மாணவன் கையில் கூப்பிடும் கருவி எதுவும் இல்லை. இதுதான் அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

சரி, வெறும் சத்தத்தைக் கேட்டு ஆள் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு 1957ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் கயர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் இயற்பியலாளர்கள் அதன் 'பீப் பீப்' ஒலியை வானொலிக் கருவியில் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்புட்னிக் நெருங்கி வரும்போது அந்த அலையின் அதிர்வெண் சற்றுக் கூடியும், விலகிப் போகும்போது சற்றுக் குறைந்தும் வந்தது. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி கூர்மையாகவும், கடந்துபோன பிறகு மந்தமாகவும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவுதான். அந்தக் கூடுதல் குறைவை அளந்தே ஸ்புட்னிக் எந்தப் பாதையில் சுற்றுகிறது என்று அவர்கள் கணக்கிட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிராங்க் மெக்லூர் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். நாம் நிற்கும் இடம் தெரிந்தால் துணைக்கோளத்தின் பாதையைக் கண்டுபிடிக்கலாம் என்றால், துணைக்கோளத்தின் பாதை தெரிந்தால் நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? அமெரிக்கக் கடற்படையின் டிரான்சிட் என்ற திசையறி அமைப்பு இதிலிருந்துதான் பிறந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்காகச் செய்யப்பட்டது அது. மலையில் தொலைந்த ஒருவரைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை.

நினைக்க வைத்தவை இரண்டு விமானங்கள்.

1967 மார்ச் மாதம் கணவன், மனைவி, பதின்ம வயது மகள் மூவரும் சென்ற சிறு விமானம் கலிபோர்னியாவின் வடக்கே பனி மூடிய மலைகளில் விழுந்தது. மூவரும் உயிரோடுதான் இருந்தார்கள். தேடல் நடந்தது, ஆனால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தந்தை உதவி தேடி நடந்து போனார், திரும்பவில்லை. தாயும் மகளும் விமானத்திலேயே காத்திருந்தார்கள். மகள் நாட்குறிப்பு எழுதினாள். இலையுதிர்காலத்தில் வேட்டைக்குப் போனவர்கள் சிதைவுகளைக் கண்டபோதுதான் அந்த நாட்குறிப்பு வெளியே வந்தது. ஐம்பது நாளுக்கு மேல் அவர்கள் உயிரோடு இருந்திருக்கிறார்கள். நெடுஞ்சாலை சில மைல் தூரத்தில் இருந்தது.

இது அமெரிக்க மக்களை உலுக்கியது. விழுந்த அதிர்ச்சியில் தானாகவே ஒலிபரப்பத் தொடங்கும் இ.எல்.டி. என்ற அபாயச் சமிக்ஞைக் கருவியைச் சிறு விமானங்களில் பொருத்த வேண்டும் என்று 1970இல் சட்டம் வந்தது. பொருத்தி முடிக்கச் சில ஆண்டுகள் அவகாசமும் கொடுத்தார்கள். அந்த அவகாசம் முடிவதற்குள், 1972 அக்டோபர் 16ஆம் நாள், அலாஸ்காவில் ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குப் புறப்பட்ட விமானம் ஒன்று மறைந்தது. அதில் இருந்த நால்வரில் இருவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஒருவர் ஹேல் போக்ஸ், அப்போதைய பெரும்பான்மைக் கட்சித் தலைவர். மற்றவர் அலாஸ்காவின் நிக் பெகிச். 39 நாள் தேடினார்கள். விமானம் இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கருவி கட்டாயமானது சரி. ஆனால் அது கூப்பிடுவதைக் கேட்பது யார்? அந்தப் பக்கமாகப் பறக்கும் வேறொரு விமானத்தில் அதே அலைவரிசையைத் திறந்து வைத்திருந்தால்தான் கேட்கும். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் விழுந்தால் கருவி கத்திக் கத்தி மின்கலம் தீர்ந்து ஓய்ந்துவிடும். ஆகவே எல்லா இடத்துக்கும் மேலாகப் போகிற ஒரு காது தேவைப்பட்டது. 1970களின் நடுவில் கனடா நாட்டு ஆய்வாளர்கள், வானொலி ஆர்வலர்கள் தங்களுக்காக உருவாக்கிய ஆஸ்கார் 6 என்ற சின்னத் துணைக்கோளத்தை வைத்தே, தரையில் இருக்கும் கருவியின் இடத்தை டாப்ளர் கணக்கால் காண முடியும் என்று காட்டினார்கள். பொழுதுபோக்குக்காகச் செய்த துணைக்கோளம் இப்படி ஒரு வேலைக்கு உதவியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அடுத்து நடந்ததுதான் வரலாறு படிக்கும் மாணவர்கள் மனத்தில் பதிக்க வேண்டிய பகுதி. 1979 நவம்பரில் லெனின்கிராட் நகரில் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மேற்கு நாடுகள் சார்சாட் என்ற பெயரிலும், சோவியத் ஒன்றியம் கோஸ்பாஸ் என்ற பெயரிலும் செய்துவந்த வேலையை ஒன்றாக்குவதுதான் ஒப்பந்தம். யாருடைய துணைக்கோளம் கேட்டாலும், யாருடைய நாட்டில் ஆபத்து நேர்ந்தாலும் தகவல் போய்ச் சேர வேண்டும். அடுத்த மாதமே சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்காவும் கனடாவும் புறக்கணித்தன. மலேசியாவும் புறக்கணித்தது. ஆர். ஆறுமுகம் கோல்காவலராக நின்ற நம் காற்பந்துக் குழு தகுதி பெற்றும் போக முடியாமல் போனதை 'ஓலா போலா' படம் பார்த்தவர்கள் அறிவீர்கள். ஆக, விளையாட்டு வீரர்கள்கூட ஒரே திடலில் நிற்க முடியாத காலம் அது. அந்தக் காலத்திலும் இந்த நான்கு நாட்டுப் பொறியாளர்கள் ஒரே அலைவரிசையில், ஒரே அளவுமுறையில் கருவி செய்துகொண்டிருந்தார்கள்.

1982 ஜூன் இறுதியில் முதல் துணைக்கோளம் மேலே போனது. அது சோவியத் துணைக்கோளம், காஸ்மோஸ் 1383. சோதனை ஓட்டம்தான். செப்டம்பர் மாதம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பகுதியில் ஒரு சிறு விமானம் விழுந்தது. காணாமற்போன வேறொரு விமானத்தைத் தேடிப் போன விமானம் அது. அதிலிருந்த மூவரும் காயத்தோடு கிடந்தார்கள். வழக்கமான பறப்புப் பாதைகளை விட்டு விலகிய பள்ளத்தாக்கு. அவர்களுடைய கருவியின் குரலை காஸ்மோஸ் 1383 கேட்டது. கனடாவின் தரைநிலையம் கணக்குப் போட்டு இடத்தைச் சொன்னது. மீட்பு விமானம் போனது. மூவரும் பிழைத்தார்கள். நேட்டோ நாட்டில் விழுந்த மூன்று பேரைச் சோவியத் துணைக்கோளம் காப்பாற்றியது என்று செய்தி பரவியது. பனிப்போர் பற்றிய கேள்விக்கு விடை எழுதும்போது கியூபா நெருக்கடி, பெர்லின் சுவர் இவற்றோடு இதையும் ஓர் எடுத்துக்காட்டாகக் காட்டலாம். எதிரணிகளுக்கு நடுவில் ஒத்துழைப்பு இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

1985இல் இந்த அமைப்பு முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1988 ஜூலை 1ஆம் நாள் பாரிசில் நிரந்தர உடன்படிக்கை ஆனது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளும் அமைப்புகளும் இதில் உள்ளன. தரைநிலையம் நடத்தும் நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று, இந்தியாவும் ஒன்று. 1982 முதல் 50,000க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட இது உதவியிருக்கிறது.

ஆனாலும் தொடக்கக் காலக் கருவிகளால் பெரிய தொல்லை இருந்தது. அவை 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடைவிடாமல் ஒரே மாதிரி கூவும். "யாரோ எங்கேயோ" என்பதற்கு மேல் அதில் தகவல் இல்லை. யாருடைய கருவி, விமானமா, படகா, ஒன்றும் தெரியாது. இடமும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் என்றுதான் சொல்ல முடியும். அது மட்டுமா? வந்த அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை பொய். விமானம் தரையில் சற்று வேகமாக இறங்கினாலும் கருவி கூவும். 2004இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவர் வீட்டுக் கதவை அதிகாரிகள் தட்டினார்கள். பழுதான அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி அதே 121.5 அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தது, துணைக்கோளம் அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டது! வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பொய் அழைப்பின் பின்னாலும் ஒரு குழு உண்மையிலேயே புறப்பட்டுப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதற்கு விடையாக வந்தது 406 மெகாஹெர்ட்ஸ். இந்தக் கருவி தொடர்ந்து கூவாது. ஏறக்குறைய 50 வினாடிக்கு ஒரு முறை, அரை வினாடி நேரம், பலமாக ஒரு சிறு செய்தியை அனுப்பும். அந்தச் செய்தியில் கருவியின் தனி எண் இருக்கும். வாங்கியவர் அந்த எண்ணைப் பதிவு செய்து, வீட்டில் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் கொடுத்திருந்தால், மீட்பு நிலையத்தார் முதலில் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். "உங்கள் மகன் இப்போது மலையில் இருக்கிறாரா?" என்று ஒரே கேள்வி. பொய் அழைப்புகளில் பல அங்கேயே முடிந்துவிடும். டாப்ளர் கணக்கிலேயே இடம் 5 கிலோமீட்டருக்குள் வந்தது. ஜி.பி.எஸ். சேர்ந்த கருவிகளில் நூறு மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. பழைய 121.5 அழைப்புகளைத் துணைக்கோளங்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் விமானத்துக்கும் கப்பலுக்கும் உரியது. தனி ஒருவர் முதுகுப்பையில் வைத்துக்கொண்டு போகும் கருவி எப்போது வந்தது?

பி.எல்.பி. எனப்படும் தனிநபர் இடங்காட்டியை அலாஸ்காவில் 1990களின் நடுவிலிருந்தே சோதனையாகப் பயன்படுத்தி வந்தார்கள். அமெரிக்கா முழுவதும் பொதுமக்கள் நிலத்தில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது 2003 ஜூலை 1ஆம் நாள்தான். இந்தத் தேதியைப் படித்ததும் எனக்கு உடனே ஆரோன் ரால்ஸ்டன் நினைவுக்கு வந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் யூட்டா மாநிலத்தில் புளூஜான் என்ற குறுகலான பாறை இடுக்குக்குத் தனியே போனவர் அவர். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. உருண்டு வந்த பாறை அவர் வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. 127 மணி நேரம் கழித்து, சிறு கத்தியால் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த '127 அவர்ஸ்' படம் இவர் கதைதான். அனுமதி வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால் நடந்தது இது.

கருவி இருந்திருந்தால் கை தப்பியிருக்குமா? அவசரப்பட்டு ஆமாம் என்று எழுதிவிடாதீர்கள். இடங்காட்டிக்குத் திறந்த வானம் தேவை. அந்த இடுக்கிலிருந்து தெரிவது ஒரு கீற்று வானம்தான். துணைக்கோளம் சரியாக அந்தக் கீற்றைக் கடக்கும்போதுதான் அழைப்பு போகும். ஆனால் போகுமிடத்தை ஒருவரிடம் சொல்லியிருந்தால் தேடல் எத்தனையோ மணி நேரம் முன்னாலேயே தொடங்கியிருக்கும். அதற்கு 2003இலும் அனுமதி தேவைப்படவில்லை.

கருவி கைக்கு வந்ததும் மனித சுபாவமும் கூடவே வந்தது. அதே 2003 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைப்பகுதியில் தனியே படகில் போன ஒருவர் பனிப்பொழிவில் மாட்டிக்கொண்டு தன் இடங்காட்டியை இயக்கினார். ஹெலிகாப்டர் வந்து மீட்டது. புதுக் கருவிக்குப் பெரிய வெற்றி என்று பாராட்டினார்கள். சில வாரத்தில் அதே மனிதர், விட்டுவந்த படகையும் பொருள்களையும் எடுக்க அதே இடத்துக்குத் திரும்பப் போனார். மறுபடியும் பனி. மறுபடியும் பொத்தானை அழுத்தினார். இந்த முறை மீட்டதும், பொய்யான அபாய அழைப்பு என்று வழக்குப் போட்டுவிட்டார்கள். கருவி இருக்கிற தைரியத்தில் போகக்கூடாத இடத்துக்குப் போகிறோமா என்ற வாதம் அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. எனக்குத் தெரிந்த மலையேறிகள் சிலர் இதனாலேயே கருவியே வேண்டாம் என்பார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. தலைக்கவசம் போட்டதால் மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டுகிறவன் இருக்கிறான் என்பதற்காகத் தலைக்கவசத்தையே தூக்கிப் போடுவோமா?

2007 இறுதியில் ஸ்பாட் என்ற கருவி கடைக்கு வந்தது. அரசாங்க அமைப்பை நம்பாமல் குளோபல்ஸ்டார் என்ற தனியார் நிறுவனத்தின் துணைக்கோளங்கள் வழியாக இது செய்தி அனுப்பியது. ஆபத்து என்று மட்டும் இல்லாமல், "நலமாக இருக்கிறேன்" என்றும் வீட்டுக்குச் சொல்லலாம். போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தன் இடத்தை அனுப்பிக்கொண்டே போகும். ஆள் மயங்கி விழுந்தாலும் கடைசியாக இருந்த இடம் வீட்டாருக்குத் தெரியும். தனியே போகிறவருக்கு இது பெரிய மாற்றம். குறை என்னவென்றால் இது ஒருவழிப் பாதை. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது.

அந்தக் குறையை 2011இல் வந்த இன்ரீச் தீர்த்தது. இரிடியம் துணைக்கோளங்கள் வழியாக 160 எழுத்துச் செய்தியை அனுப்பவும் முடியும், பெறவும் முடியும். இரிடியம் கதையே தனிக் கதை. 77 துணைக்கோளம் வேண்டும் என்று முதலில் திட்டமிட்டதால், அணு எண் 77 கொண்ட தனிமத்தின் பெயரை வைத்தார்கள். பிறகு 66 போதும் என்று ஆனது. 66ஆம் தனிமம் டிஸ்புரோசியம், அந்தப் பெயரில் யார் தொலைபேசி வாங்குவார்கள், விட்டுவிட்டார்கள்! 1998இல் சேவை தொடங்கி, 1999இலேயே திவாலாகி, பிறகு மிகக் குறைந்த விலைக்குக் கைமாறி உயிர்பிழைத்தது. இன்று எத்தனையோ பேர் உயிர்பிழைக்க அதுவும் ஒரு வழி.

"உங்கள் செய்தி கிடைத்தது. ஹெலிகாப்டர் புறப்பட்டுவிட்டது. கால் உடைந்திருக்கிறதா, இரத்தம் வருகிறதா?" இப்படி ஒரு பதில் வந்தால் காட்டில் தனியே கிடப்பவர் என்ன செய்வார்? அங்கேயே இருப்பார். பதில் வராவிட்டால், யாருக்கும் கேட்கவில்லை போல என்று எழுந்து நடப்பார். நடந்தால் மீட்புக் குழு தேடி வரும் இடத்தில் அவர் இருக்க மாட்டார். நாங்கள் தேடிய மாணவன் பாறையில் உட்கார்ந்ததுதான் எங்களுக்கு அன்று கிடைத்த பெரிய உதவி. இதனால்தான் அரசாங்க அமைப்பும் பதில் சொல்லத் தொடங்கியது. ஐரோப்பாவின் கலிலியோ துணைக்கோளங்கள் 2020 ஜனவரி முதல், அபாய அழைப்பு கிடைத்தது என்று அதற்கேற்ற கருவிகளுக்குத் திருப்பிச் சொல்கின்றன. 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆப்பிள் நிறுவனத்தின் புதிய கைப்பேசியே துணைக்கோளம் வழியாக அவசரச் செய்தி அனுப்பத் தொடங்கியது.

இவ்வளவு வளர்ந்தும் இரண்டு மரணங்கள் என்னை யோசிக்க வைத்தன. இருவர் பெயரும் இங்கே வேண்டாம்.

2013 ஜூலையில் 66 வயதுப் பெண் ஒருவர் அமெரிக்காவின் அப்பலேச்சியன் நெடும்பாதையில் மேய்ன் மாநிலத்தில் நடந்துகொண்டிருந்தார். இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டுச் சற்று ஒதுங்கியவருக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. கைப்பேசியில் கணவருக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தார். லைன் இல்லை, ஒன்றும் போகவில்லை. கூடாரம் போட்டுக் காத்திருந்தார், குறிப்பேட்டில் எழுதினார். மூன்று வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்ததாக அந்தக் குறிப்புகள் சொல்கின்றன. இரண்டு ஆண்டு கழித்துத்தான் உடல் கிடைத்தது, பாதையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள். ஸ்பாட் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் அது அவர் தங்கிய விடுதி அறையில் இருந்தது.

2015 பிப்ரவரியில் நியூ ஹாம்ஷியர் மாநிலத்தின் வெண்மலைத் தொடரில் 32 வயதுப் பெண் தனியே ஏறினார். அனுபவசாலி, உடல் வலிமை உள்ளவர். கையில் இடங்காட்டி, துணைக்கோளத் தொலைபேசி, ஜி.பி.எஸ். எல்லாம் இருந்தன. மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றிலும் உறைகுளிரிலும் மாட்டிக்கொண்டு இடங்காட்டியை இயக்கினார். அழைப்பு கேட்டது. ஆனால் வந்த இடக்குறிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, ஒரு மைலுக்கும் மேல் தள்ளித் தள்ளிக் காட்டின. அந்தக் காற்றில் ஹெலிகாப்டர் போக முடியாது. மீட்புக் குழுவினர் இரவில் நடந்தே ஏறினார்கள், அவர்கள் உயிருக்கும் உத்தரவாதம் இல்லாமல். மறுநாள் உடல்தான் கிடைத்தது.

ஆகவே மாணவர்களே, கட்டுரையில் "துணைக்கோளம் மனிதனைக் காப்பாற்றுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அது தகவலைத்தான் கொண்டு போகிறது. நடந்தோ பறந்தோ வருவது ஆள். வருவதற்கு மணிக்கணக்கு ஆகும், வானிலை கெட்டால் நாள்கணக்கும் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டியது நீங்கள். தேடல் நாள்களை மணிகளாகக் குறைத்ததுதான் இந்தக் கருவியின் சாதனை, அதை அப்படியே எழுதினால் போதும்.

இனி நம் ஊர் நிலைமை. நம் காட்டில் மரக்கூரை அடர்த்தி. மழையில் நனைந்த இலைகள் அலையை இன்னும் பலவீனமாக்கும். எனவே கருவி வைத்திருப்பவர் ஆற்றங்கரை, மரம் விழுந்த வெட்டவெளி, பாறை முகடு போன்ற இடத்துக்கு வந்து, கருவியின் கம்பியை நிமிர்த்தி, நேராக வானத்தைப் பார்க்க வைத்துவிட்டு அசையாமல் காத்திருக்க வேண்டும். இடங்காட்டிகள் குறைந்தது 24 மணி நேரம் ஒலிபரப்பும்படி செய்யப்பட்டவை. அணைத்து அணைத்துப் போட்டு மின்கலத்தைச் சேமிக்க வேண்டியதில்லை, போட்டால் போட்டபடியே விட வேண்டும். வாங்கியதும் எண்ணைப் பதிவு செய்யாதவர் பாதிக் கருவிதான் வாங்கியிருக்கிறார். இன்னொன்று, இமயமலை நடைப்பயணம் என்று இந்தியாவுக்குப் போகிறவர்கள் கவனம். துணைக்கோளத் தொலைபேசியையோ செய்திக் கருவியையோ அனுமதி இல்லாமல் அங்கே எடுத்துப்போவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபடலாம்.

ஆசிரியர்கள் வகுப்பில் இதை நடத்த எளிய வழி ஒன்று சொல்கிறேன். பலகையில் ஒரு பக்கம் 1967, 1972, 2003, 2013 என்று எழுதி, அன்று என்ன தவறியது என்று மாணவர்களையே சொல்ல விடுங்கள். மறுபக்கம் 1970, 1982, 2009, 2011, 2020. எந்தக் குறைக்கு எந்த மாற்றம் விடையாக வந்தது என்று கோடு போட்டு இணைக்கட்டும். காரணம், விளைவு என்று தனியாகப் பாடம் நடத்தத் தேவைப்படாது. 2013க்கு மட்டும் எங்கே கோடு போடுவது என்று கேட்பார்கள். எங்கள் வகுப்பில் கேட்டார்கள். அந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டேன்.

எங்கள் பள்ளிச் சாரணர் பயணப் படிவத்தில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: 'எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால், யார், யாரை அழைப்பது?' வரிசையின் கடைசியில் நடக்கும் ஆசிரியர் பெயருக்கும் ஓர் இடம் உண்டு. அடுத்த பயணத்துக்கான படிவத்தை அந்த மாணவனிடமே கொடுத்து நிரப்பச் சொன்னேன். மாலை 6 மணி என்று எழுதினான். அழைக்க வேண்டிய எண்ணாக அவன் அம்மாவின் எண்ணை எழுதிவிட்டு, "டீச்சர், கடைசியில நடக்கறது யாரு?" என்றான். என் பெயரை எழுதச் சொன்னேன்.